குறையே இருக்கக்கூடாது என்ற நிர்ப்பந்தத்தைக் கையாள்வது எப்படி: மலையக ஊழியர்களுக்கான வழிகாட்டி

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பதுளை என்று இலங்கை மலையகத்தின் எந்த நகரத்தை எடுத்தாலும், அங்குள்ள பாடசாலைகளிலும் பிரதேச செயலகங்களிலும் வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் தேயிலைத் தொழிற்சாலைகளிலும், கையில் எடுத்த காரியத்தில் எள்ளளவு பிழையும் இருக்கக்கூடாது என்ற தீராத நிர்ப்பந்தத்தோடு நாளைக் கழிக்கும் பலரைக் காணலாம். இதனைப் பரிபூரண நாட்டம் என்று அழைக்கலாம். இந்த நாட்டம் உள்ளவர்களை மேலதிகாரிகள் பாராட்டுகிறார்கள். வீட்டார் பெருமையாகப் பேசுகிறார்கள். அதனாலேயே, அது அவர்களுடைய தூக்கத்தையும் சாப்பாட்டையும் மன அமைதியையும் அரித்துக்கொண்டிருப்பது வெகு காலம் யார் கண்ணிலும் படுவதில்லை. அவர்களுக்காகவே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. வேலையின் தரத்தைக் குறைத்துக்கொள்ளுமாறு இதில் எங்கும் சொல்லப்படவில்லை. ஒரு வேலை எந்த இடத்தில் முடிந்துவிட்டது என்பதை அதைத் தொடங்குமுன்பே தீர்மானித்து, அந்த இடத்தில் நிறுத்தப் பழகுவதே இங்கு கூறப்படும் வழிமுறைகள் அனைத்துக்கும் அடிப்படை.

உங்களுக்கு இந்த நாட்டம் உள்ளதா?

எவ்வளவு உழைக்கிறீர்கள் என்பதை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. வேலை முடிந்த பிறகு மனம் என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். திருத்தமாக வேலை செய்யும் ஒருவர், முடித்ததும் எழும்பிப் போய்விடுவார். மறுநாள் யாராவது பிழையொன்றைச் சுட்டிக்காட்டினால் திருத்திக் கொடுப்பார். பரிபூரண நாட்டம் உள்ளவருக்கு வேலை முடிவதே இல்லை. அனுப்பிய கடிதத்தை அனுப்பிய பிறகும் வாசிப்பார். பத்துப் பேர் பாராட்டியதை மறந்துவிட்டு, ஒருவர் முகம் சுளித்ததை மட்டும் இரவெல்லாம் அசைபோடுவார்.

ஓர் ஆசிரியையின் மேசையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நாளைய பாடக்குறிப்பு எழுதி முடிந்துவிட்டது. கடைசி வரியில் ஒரு சொல் பிழைத்துவிட, அதை வெட்டி எழுதுகிறார். வெட்டிய கோடு கண்ணை உறுத்துகிறது. தாளைக் கிழித்துவிட்டு முழுப் பக்கத்தையும் புதிதாக எழுதுகிறார். புதிய பக்கத்தில் எழுத்துகள் முன்னையதைப் போல ஒரே சீராக அமையவில்லை. அதையும் கிழிக்கிறார். பதினொரு மணிக்குப் படுக்கும்போது, பாடத்தை எப்படி நடத்துவது என்பதை யோசிக்க அவருக்கு நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியது எதுவோ அதற்குரிய நேரம், பிள்ளைகள் ஒருபோதும் பார்க்காத ஒரு பக்கத்தில் செலவாகிவிட்டது.

வேலையைத் தொடங்காமல் தள்ளிப்போடுவதும் இதன் அடையாளந்தான். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சோம்பல் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பது, சரியாக வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பிறரிடம் எந்த வேலையையும் ஒப்படைக்க முடியாமை, சந்தேகம் கேட்கக் கூசுவது, லீவு எடுத்த நாளிலும் கந்தோரை நினைத்துக்கொண்டிருப்பது, காரணமின்றி வரும் தலையிடியும் வயிற்றெரிவும், வீட்டுப் பிள்ளைகள் மீது எரிந்து விழுவது ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இவற்றில் பல உங்களுக்குப் பொருந்தி, மாதக்கணக்கில் நீடித்திருந்தால் மேற்கொண்டு வாசியுங்கள்.

யாருடைய கண்ணுக்காக இந்த ஓட்டம்?

போல் ஹெவிட், கோர்டன் ஃபிளெட் என்ற இரு கனடிய உளவியலாளர்கள் 1991ஆம் ஆண்டில் இந்த நாட்டத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒருவர் தனக்குத்தானே கடுமையான அளவுகோலை வைத்துக்கொள்வது முதலாவது. அதே அளவுகோலைப் பிறர் மீது வைப்பது இரண்டாவது. பிறர் தன்னிடம் குறையின்மையை எதிர்பார்க்கிறார்கள், தவறினால் தன்னை ஏற்கமாட்டார்கள் என்று நம்பி வாழ்வது மூன்றாவது. இம்மூன்றில் மனச்சோர்வோடும் பதகளிப்போடும் நெருங்கிய தொடர்புடையதாக ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது மூன்றாவது வகையே. அமெரிக்கா, கனடா, பிரித்தானியா ஆகிய நாடுகளில் 1989 முதல் 2016 வரை 40,000க்கும் அதிகமான பல்கலைக்கழக மாணவர்களிடம் திரட்டப்பட்ட தரவுகளைத் தாமஸ் கரன், அன்ட்ரூ ஹில் ஆகியோர் ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, 2019இல் வெளியிட்டனர். மூன்று வகைகளுமே அக்காலத்தில் கூடியிருந்தன. மூன்றாவது வகையின் அதிகரிப்பே மிகப் பெரியது, 33 சதவீதம்.

அந்த எண்ணிக்கை வேறு நாட்டு மாணவர்களுக்குரியது. ஆயினும் அந்த மூன்றாவது வகையைப் பற்றி வாசிக்கும் மலையக வாசகர் எவருக்கும் அது புதிதாகத் தோன்றாது என்பது என் எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்டு, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1970களில்தான் தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வரக்கண்ட ஒரு சமூகத்தில், மாதச் சம்பளம் பெறும் முதல் ஆள் என்ற நிலை இன்றும் பல குடும்பங்களில் ஒரே தலைமுறைக்கு முந்தியதாக இருக்கிறது. அந்த முதல் ஆள் செய்யும் பிழை அவருடைய பிழையாக மட்டும் எண்ணப்படுவதில்லை. ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் வராது’ என்ற பேச்சை ஒரு தடவையாவது காதில் வாங்கியவர், தன் பிழையை, தோட்டத்து வரிசை வீடுகளான முழு லயத்தின் கணக்கிலும் எழுதிவிடுவார்களோ என்று அஞ்சுவதில் வியப்பில்லை. கந்தோரில் சிங்களத்தில் கடிதம் எழுத நேரும்போது இந்தப் பயம் இரட்டிப்பாகிறது. ஆகவே, ‘பிறர் என்ன நினைப்பார்கள் என்று கவலைப்படாதே’ என்ற பொதுவான புத்திமதி இங்கு உதவாது. அந்தக் கவலைக்கு வரலாறு உண்டு. அதை மறுக்காமல், இன்றைய இந்த வேலையில், இந்த மேசையில், அது எந்தளவுக்கு உண்மை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்ப்பதுதான் பயன்தரும்.

ஒரு வாரம் எழுதிப் பாருங்கள்

நாற்பது பக்கக் கொப்பியொன்று போதும். ஒவ்வொரு நாளும் உங்களை அதிகம் வதைத்த ஒரு வேலையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு எவ்வளவு நேரம் போதும் என்று நினைத்தீர்கள், உண்மையில் எவ்வளவு நேரம் சென்றது, பிழை வந்தால் என்ன நடக்கும் என்று பயந்தீர்கள், கடைசியில் என்ன நடந்தது என்ற நான்கு விடயங்களை நாலு வரியில் எழுதுங்கள். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இந்தக் கொப்பியைத் திருத்தி எழுதக்கூடாது என்பதுதான் இதற்குரிய ஒரே விதி. வார முடிவில் மூன்றாவது வரியையும் நான்காவது வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கும்போது, பயந்ததற்கும் நடந்ததற்கும் இடையிலுள்ள தூரம் உங்கள் கையெழுத்திலேயே தெரியும்.

எல்லா வேலைக்கும் ஒரே கண்டிப்பு வேண்டியதில்லை

இந்த நாட்டம் உள்ளவர்கள் எல்லா வேலையையும் ஒரே தராசில் நிறுக்கிறார்கள். அதை மாற்ற, உங்கள் வேலைகளை இரண்டாகப் பிரியுங்கள். பிழைத்தால் உயிருக்கோ பணத்துக்கோ சட்டபூர்வமான உரிமைக்கோ கேடு வரும் வேலைகள் ஒருபுறம்; பிழைத்தால் திருத்திக்கொள்ளக்கூடிய வேலைகள் மறுபுறம். தாதியொருவர் மருந்தின் அளவைப் பார்ப்பதும், காசாளர் பணத்தை எண்ணுவதும், பரீட்சைப் புள்ளிகளைப் பதிவதும் முதல் வகையைச் சேர்ந்தவை.

மலையகத்தில் இந்த வகைக்குள் கட்டாயம் சேர்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. பிறப்புச் சான்றிதழில் பெயரின் ஓர் எழுத்து மாறினால், அந்த மாற்றம் பாடசாலை அனுமதி, தேசிய அடையாள அட்டை, பரீட்சை விண்ணப்பம், கடைசியில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறுவது வரை ஒரு மனிதரைத் துரத்தும் என்பதை நம் தோட்டங்களில் அனுபவிக்காத குடும்பம் குறைவு. இத்தகைய ஆவணங்களைக் கையாளும் உத்தியோகத்தர் கண்டிப்பாக இருப்பதே நியாயம். ஆனால் அந்தக் கண்டிப்புக்கும் ஓர் ஒழுங்கு தேவை. ஒரு தடவை நீங்கள் சரிபாருங்கள், இன்னொரு தடவை விண்ணப்பதாரரிடமே எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டிச் சரிபாருங்கள், முடிந்தால் பக்கத்து மேசையிலிருப்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் ஏழு தடவை பார்ப்பதால் பாதுகாப்பு கூடுவதில்லை. களைத்த கண் தான் எதிர்பார்ப்பதையே எழுத்தில் காணும்.

சுவர்க்காட்சியின் எழுத்து வரிசை, கூட்டக் குறிப்பின் வாக்கிய அழகு, வருகைப் பதிவேட்டின் கோடுகள் ஒரே நேராக இருப்பது, விருந்தினருக்கு வைக்கும் பலகாரத் தட்டு ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்கு ஒரு தடவை பார்ப்பது போதும்.

‘போதும்’ என்பதை முன்கூட்டியே எழுதுங்கள்

வேலையின் நடுவில் இருக்கும்போது, எங்கே நிறுத்துவது என்று மனத்திடம் கேட்டால் அது ‘இன்னும் கொஞ்சம்’ என்றுதான் சொல்லும். ஆகவே தொடங்குமுன்பு கேளுங்கள். தேயிலைத் தொழிற்சாலையில் உருட்டிய கொழுந்தைப் புளிக்க விடும்போது, நேரம் குறைந்தால் பச்சை வாடை போகாது, கூடினால் சாயத்தின் துடிப்புக் கெட்டு ருசி மந்தமாகும் என்பதால், டீமேக்கர் நிறத்தையும் மணத்தையும் பார்த்து உரிய நேரத்தில் அதை டிரையருக்கு அனுப்பிவிடுகிறார். மனிதர் செய்யும் பெரும்பாலான வேலைகளுக்கும் அப்படியொரு நேரம் உண்டு, அதற்குப் பிறகு கை வைப்பது வேலையைக் கெடுக்கிறது.

நடைமுறையில் இதை எழுத்தில் வையுங்கள். ‘மாத அறிக்கை: எண்கள் மூலப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும், மூன்று பந்திகள், ஒரு தடவை வாசிப்பு, நாலு மணிக்கு அனுப்புவது’ என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதல் மூன்றும் நிறைவேறியதும், மனம் என்ன சொன்னாலும் அனுப்பிவிடுங்கள். முதல் சில நாட்களில் நெஞ்சு படபடக்கும், கை திரும்பவும் அந்தக் கோப்பைத் திறக்கப் பார்க்கும். அந்தப் படபடப்பு ஏதோ தவறு நடந்துவிட்டது என்பதற்கான அறிகுறி ஆகாது. பழைய பழக்கத்தை மறுக்கும்போது யாருக்கும் வருவதுதான். திரும்பத் திறக்காமல் இருந்தால் அது தானாகவே தணியும், அடுத்த தடவை சற்றுக் குறைவாக வரும். திறந்து பார்த்தால், பார்த்ததால்தான் தப்பினேன் என்று மனம் கற்றுக்கொள்ளும்.

பயத்தைச் சிறு சோதனைகளால் எதிர்கொள்ளுங்கள்

அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற உளச்சிகிச்சை முறையில் பரிபூரண நாட்டத்துக்குக் கையாளப்படும் முக்கியமான உத்தி இதுதான். திருத்தக்கூடிய வேலைகளில் ஒன்றைத் தெரிவுசெய்து, அதில் வேண்டுமென்றே ஒரு சிறு குறையை விட்டுவிட வேண்டும். என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பதை முன்னரே எழுதிவைத்துவிட்டு, உண்மையில் நடப்பதைப் பிறகு எழுத வேண்டும். சக ஊழியருக்கு அனுப்பும் குறுஞ்செய்தியை மறுவாசிப்பின்றி அனுப்புவது, கூட்டத்தில் உங்களுக்குத் தெரிந்த அளவு சிங்களத்தில் ஒரு கேள்வி கேட்பது, விருந்தினர் வரும்போது வீட்டின் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுவது போன்றவற்றிலிருந்து தொடங்குங்கள். சிலவேளை நீங்கள் பயந்தது நடக்கவும் செய்யும். யாராவது சிரிப்பார்கள், யாராவது திருத்துவார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகும் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்தது என்பதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பிழையே ஆகாது என்று நாம் எண்ணும் அரச பதிவேடுகளிலேயே, பிழை நேர்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒழுங்கு வகுத்து வைத்திருக்கிறார்கள். அழிக்கக்கூடாது, வெள்ளை மை பூசக்கூடாது. பிழையின் மீது ஒரே கோடு இழுத்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த ஆசிரியை பதிவேட்டில் ஒரு பெயரைப் பிழையாக எழுதிவிட்டுக் கண்கலங்கி நிற்கும்போது, மூத்த ஆசிரியை என்ன சொல்வார்? “இதுக்கா தங்கச்சி அழுறீங்க? ஒரு கோட்டை இழுத்து, மேல சரியா எழுதி, பக்கத்துல ஒரு சின்னக் கையெழுத்து வைங்க, அவ்வளவுதான்” என்பார். அதே தொனியில் உங்களோடு நீங்கள் பேசிக்கொள்ளப் பழகுங்கள். உங்கள் மனத்துக்குள் ஒலிக்கும் வசைச் சொற்களை அப்படியே எழுதி, அவற்றை அந்தப் புதிய தங்கச்சியிடம் சொல்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லமாட்டீர்கள் என்றால், அதற்குப் பதிலாக அவரிடம் என்ன சொல்வீர்களோ அதைக் கீழே எழுதுங்கள்.

வீட்டில்

நகரத்துக்காரர்கள் எழுதும் ஆலோசனைகளில், தனி அறையில் அமைதியாக அமர்ந்து மூச்சுப் பயிற்சி செய்யுமாறு சொல்வார்கள். லயக் காம்பிராவில் தனி அறைக்கு எங்கே போவது? பஸ்ஸில் போகும் நேரத்தைப் பயன்படுத்துங்கள். வேலை முடிந்து வரும் பஸ்ஸில் முதல் பாதியில் நாளைய வேலைகளை மனத்தில் ஒழுங்குபடுத்தி, ஏதாவதோர் இடத்தை, ஒரு பாலமோ ஒரு கோயிலோ, எல்லையாக வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிய பின் கந்தோர் விடயத்தை எடுப்பதில்லை என்று தீர்மானிக்கலாம்.

பெண்களுக்கு இந்தச் சுமை இரண்டு மடங்கு. விடியுமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு வேலைக்கு ஓடும் ஒருவர், வீட்டிலும் குறையே இருக்கக்கூடாது என்று நினைத்தால் உடம்பு தாங்காது. கணவரோ வளர்ந்த பிள்ளையோ சமைத்தால், உப்புக் கூடினாலும் கழுவிய பாத்திரத்தில் பிசுக்கு இருந்தாலும், திருத்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். திருத்தப்பட்டவர் மறுநாள் கை கொடுக்கமாட்டார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளையிடம், எத்தனை புள்ளி என்று கேட்பதற்கு முன் எந்தக் கேள்வி பிடித்திருந்தது என்று கேளுங்கள். நம்மிடமிருந்து பிள்ளைக்கு இந்தப் பயம் தாவும் வாசல் அதுதான்.

எது மனத்தின் பிரச்சினை, எது வேலையின் பிரச்சினை

கொழுந்து பறிக்கும் ஒரு பெண் நாளொன்றுக்குரிய கிலோ எட்டாமல் அரைநாள் சம்பளமான அரைப்பேரோடு திரும்புவோமோ என்று பதறினால், அதைப் பரிபூரண நாட்டம் என்று அழைப்பது அநியாயம். அவருடைய அளவுகோலை வைத்தது அவர் மனம் அல்ல. அதுபோலவே, மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவரே செய்யும் கந்தோரில் களைத்துப்போனவருக்குச் சிந்தனைப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை. உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில், வேலைக்களைப்பை நோயாகக் குறிக்காமல் தொழிலோடு தொடர்புடைய நிலையாகவே குறித்திருக்கிறது. வேலைத்தளத்தில் சரியாகக் கையாளப்படாத நீடித்த அழுத்தமே அதன் காரணமாகக் கூறப்படுகிறது. அந்தப் பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய நிலையில் பேச வேண்டிய இடம் அதிபரின் அறையோ, தொழிற்சங்கமோ, முகாமையாளரின் மேசையோ ஆகும்.

மற்றவர்களுக்கு மேலே இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வேலை கொடுக்கும்போது எந்த அளவு போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிழையைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். பத்துப் பேர் முன்னிலையில் கேட்ட ஒரு சொல், நன்றாக வேலை செய்யும் ஒருவரைப் பல மாதங்களுக்கு இரவில் தூங்கவிடாமல் செய்யும்.

வைத்தியரிடம் போக வேண்டிய நேரம்

இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமோ பசியோ கெட்டிருந்தால், எதிலும் விருப்பமின்றி மனம் தாழ்ந்தே இருந்தால், பயத்தால் வேலைக்குப் போகவே முடியாதிருந்தால், படபடப்பை அடக்க மதுவைத் தேடத் தொடங்கியிருந்தால், சுய முயற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்; 1333 என்ற இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால், மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சி மருந்துகளையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் பின்னர் பெருமளவு குறைந்ததற்கு, கடும் நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டது முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆபத்தான ஒரு மணி நேரத்தைக் கடத்திவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

கொழும்புக்கு அருகே மனநல வைத்தியசாலை உள்ள ஊரின் பெயரைச் சொல்லி, ‘அங்கொடைக்குப் போக வேண்டிய ஆள்’ என்று கேலி பேசும் வழக்கத்துக்குப் பயந்தே பலர் சிகிச்சையைத் தவிர்க்கிறார்கள். இன்று அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களிலுள்ள பெரிய அரச வைத்தியசாலைகளில் உளநலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன, சிகிச்சை இலவசம். அருகிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார்கள். தமிழில் பேச விரும்புவதாக முதலிலேயே சொல்லுங்கள். தேவையானால் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். எவ்வளவு நாளாகத் தூக்கமில்லை, எந்த வேலையைத் தவிர்க்கிறீர்கள், என்ன பயம் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைச் சாதாரணமான வார்த்தைகளில் சொன்னால் போதும். நோயின் பெயரை நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. மருந்து தரப்பட்டால், மனச்சோர்வுக்குரிய மருந்துகள் பலன்காட்டச் சில வாரங்கள் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் வாரத்தில் மாற்றமில்லை என்று நீங்களாக நிறுத்தாமல், அடுத்த கிளினிக் திகதியை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வைத்து, அந்த நாளுக்குரிய லீவை இப்போதே போட்டுவிடுங்கள்.